வேலியும் பொட்டும்

வடமராட்சியிலே ஒரு கிராமம். சென்ற ஆண்டு வைகாசி மாதத்தில் ஒரு நாட்காலை, அங்குள்ள ஒரு வளவின் கிழக்கு எல்லையில் மேசன் ஒருவர் சீமெந்துக் கல் வைத்து மதில் எழுப்பிக்கொண்டிருந்தார். நெடுங்காலம் கிடுகு வேலியாக இருந்து, பின்னர் தகர வேலியாக மாறிய எல்லை அது. வெளிநாட்டிலிருக்கும் தம்பி அனுப்பிய பணத்தில் இப்பொழுது மதிலாகிக்கொண்டிருந்தது. வடக்கு மூலையிலிருந்து தெற்கு நோக்கி வளர்ந்துவந்த அம்மதில், நடுவழியில் ஓரிடத்தில் நின்றுவிட்டது. கல் இருந்தது, சீமெந்தும் இருந்தது, கூலியும் பேசப்பட்டிருந்தது. ஆயினும் அடுத்த வளவில் வாழும் எண்பது வயது மூதாட்டி ஒருவர், தம் கைத்தடியை ஊன்றிக்கொண்டு அவ்விடத்திலே வந்து நின்றார்.

“தம்பி, இந்தப் பொட்டையும் அடைச்சுப் போட்டியள் எண்டால் நான் எங்காலை வந்து போறது?” என்று வீட்டுக்காரரை நோக்கிக் கேட்டார்.

“ஏன் ஆச்சி, றோட்டாலை சுத்தி வரலாந்தானே?”

“றோட்டாலை வந்தால் நான் விருந்தாளியெல்லே, ராசா!”

வீட்டுக்காரர் மறுமொழி சொல்லவில்லை. மேசனும் சாந்தகப்பையைக் கீழே வைத்துவிட்டார். அவ்வழியே சென்ற நானும் சற்று நின்று பார்த்துவிட்டு என் வழியே போனேன். ஆனால் ஆச்சி கேட்ட கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. படலையால் வருபவர் விருந்தாளி. பொட்டால் வருபவர் வீட்டுக்காரர். இந்த வேறுபாட்டை அந்த அம்மையார் எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டார்!

பொட்டு என்பது வேலியில் உள்ள சிறு திறப்பு. அதற்குக் கதவு இல்லை, பூட்டு இல்லை. ஓர் ஆள் குனிந்து, உடலைச் சற்று ஒருக்களித்து நுழையத்தக்க இடைவெளி, அவ்வளவே. யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய கிராமங்களில் பொட்டு இல்லாத வேலியைக் காண்பது அரிதாக இருந்தது. மனிதர் தாம் வாழும் இடத்தை எவ்வாறு வகுத்துக்கொள்கிறார்கள், வகுத்த பின்னர் அதை எவ்வாறு தம் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்கிறார்கள் என்பதை அறிய விரும்புவோர் பெரிய நகரங்களையும் மாளிகைகளையும் தேடிப் போக வேண்டியதில்லை. ஒரு வேலியையும் அதிலுள்ள ஒரு பொட்டையும் உற்று நோக்கினாலே போதும்.

உறுதியில் இல்லாத வழி

நம் வீட்டுப் பெட்டகங்களில் உறங்கும் காணி உறுதிகளை எடுத்துப் படித்துப் பாருங்கள். காணியின் பெயர், இத்தனை பரப்பு, இத்தனை குழி என்ற அளவு, கிழக்கே யாருடைய காணி, வடக்கே எந்த ஒழுங்கை என்று நாற்புறத்து எல்லைகள், அங்குள்ள வீடு, பயன்தரும் மரங்கள், கிணற்றிலே பங்கு, வழிவாய்க்கால் உரிமை ஆகிய எல்லாவற்றையும் நொத்தாரிசு ஒன்றுவிடாமல் எழுதியிருப்பார். வரகுப் பரப்புக் கணக்கில் 16 பரப்புக் கொண்டது ஒரு ஏக்கர். பங்கு பிரிந்து பிரிந்து ஒரு பரப்பு, அரைப் பரப்பு என்று சுருங்கிய காணிகள் இங்கே மிகப் பல. ஆகவே எல்லையின் ஒவ்வோர் அடியும் அருமையானது. வேலியை ஒரு முழம் தள்ளி நட்டதற்காக ஆண்டுக்கணக்கில் வழக்காடி, வழக்குச் செலவுக்கே அக்காணியை ஈடுவைத்த கதைகளை நம் பெரியோர் சிரிப்பும் பெருமூச்சுமாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

இத்துணை நுட்பமாக எழுதப்பட்ட அவ்வுறுதிகளிலே பொட்டைப் பற்றி ஒரு சொல்லும் இராது. அஃது எவருடைய உரிமையும் அன்று. அயலவர் இருவரின் மனமொத்த பழக்கம் ஒன்றே அதற்கு ஆதாரம். எந்த நாளில் அப்பழக்கம் முறிகின்றதோ அந்த நாளில் அதுவும் மறைந்துவிடும். இரு வீட்டாருக்கிடையே மனஸ்தாபம் உண்டானால் முதலில் நிகழ்வது பொட்டு அடைபடுவதுதான். புதுக் கிடுகு ஒன்று அவ்விடத்தில் இறுகக் கட்டப்பட்டிருப்பதைக் கண்டால், ஊரார் ஒன்றும் கேளாமலே விஷயத்தை விளங்கிக்கொள்வர். பின்னர் ஒரு பிரசவமோ மரணமோ நேரும்போது, அந்தக் கிடுகை முதலில் விலக்குவது எந்தப் பக்கத்துக் கை என்பதே கேள்வி. விலக்கிய கைக்கு ஊரிலே மதிப்பு உண்டு.

இருபுறமும் நின்று கட்டியது

வேலியைப் பிரிவினையின் சின்னம் என்று மட்டும் கருதுவது பிழையாகும். அது கட்டப்படும் முறையைக் கண்டவர்கள் அவ்வாறு சொல்லமாட்டார்கள்.

முதலில் பூவரசு, கிளுவை, முள்முருங்கை முதலியவற்றின் கதியால்களை வரிசையாக நடுவர். மாரி மழையில் அவை துளிர்த்து உயிர்வேலியாகும். தழைத்த குழை ஆட்டுக்குத் தீனியாகும், தோட்டத்துக்குப் பசளையாகும். கதியால்களுக்குக் குறுக்கே வரிச்சுக் கட்டி, தென்னோலையை நனையவைத்துப் பின்னிய கிடுகுகளையோ பனையோலையையோ வைத்து அடைப்பர். கட்டும்போது குத்தூசி என்னும் நீண்ட ஊசியில் கயிற்றைக் கோத்து, ஒருவர் இப்புறமிருந்து குத்த, மற்றொருவர் அப்புறமிருந்து வாங்கி மீண்டும் குத்திக் கொடுக்க வேண்டும். ஒருவர் தனியே நின்று செய்யத்தக்க வேலையன்று அது. எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் நிற்கும் இருவர், ஒருவர் முகத்தை ஒருவர் காணாமலே, ஒரே கயிற்றை மாறி மாறி இழுத்து இறுக்குவர். இதற்கிடையில் ஊர்க்கதை முழுவதும் வேலிக்கூடாகப் பரிமாறப்படும். ஒரு வீட்டிலிருந்து தேநீர் வரும். மறு வீட்டிலிருந்து பலகாரம் வரும்.

கிடுகு நெடுநாள் நிலைப்பதில்லை. வெயிலும் மழையும் கறையானும் அதை விரைவில் உக்கச் செய்துவிடும். உக்கிய கிடுகு தோட்டத்துக்கு எருவாகப் போகும்; மீண்டும் அடைப்பு வரும். ஆகவே வேலி என்பது ஒருமுறை கட்டி முடிந்துவிட்ட பொருளன்று. அயலவர் இருவர் காலந்தோறும் கூடிப் புதுப்பிக்கும் ஓர் உடன்படிக்கை என்றே அதைச் சொல்லலாம்.

தாய் போன வழி

பொட்டு ஏன் இத்துணை பெருகிற்று? அதற்கு நம் பழைய வழமையிலேயே ஒரு காரணம் உண்டு. ஒல்லாந்தர் ஆட்சியில், 1707ஆம் ஆண்டில், கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி தொகுத்தெழுதிய தேசவழமை, யாழ்ப்பாணத்துத் தமிழரின் சொத்துரிமை முறைகளைக் கூறுகின்றது. தந்தைவழி முதுசம் ஆண்மக்களுக்கும், தாயின் சீதனம் பெண்மக்களுக்கும் போவது அதிற் கண்ட பழைய வழக்கு. நிலம் பெண்ணின் பெயரில் எழுதப்பட்டமையால், பல இடங்களில் மணமகன் பெண்ணின் காணிக்கு வந்து குடியேறினான். தாயின் வளவு மூத்த மகளுக்கு ஒரு துண்டாகவும் இளைய மகளுக்கு ஒரு துண்டாகவும் பிரிக்கப்பட்டது. இடையிலே வேலி விழுந்தது.

உறுதியின்படி அவை இரண்டு வளவுகள். ஆனால் தாய் ஒருத்தியே அன்றோ? காலையில் மூத்தவள் வீட்டில் பேரப்பிள்ளையைத் தூக்குபவள், மாலையில் இளையவள் வீட்டில் நெல்லுப் புடைக்க வேண்டும். இருவருக்கும் கிணறு ஒன்று. அம்மியும் உரலும் ஒரு வீட்டிலே. இந்நிலையில் ஒழுங்கைக்குச் சென்று, படலையைத் திறந்து, சுற்றி வருவது எவ்வளவு அந்நியமான செயல்! ஆகவே வேலி விழுந்த அன்றே பொட்டும் பிறந்தது. அடுப்புக்கு ஒரு தணலும், அவசரத்துக்கு ஒரு சுண்டு அரிசியும், மூடி வைத்த ஒரு கோப்பைக் கறியும் அவ்வழியே போய்வந்தன. ஆண்களின் உலகம் படலையால் றோட்டுக்குச் சென்றது. பெண்களும் குழந்தைகளும் தமக்கென மற்றொரு பாதையை வளவுகளின் உள்ளே அமைத்துக்கொண்டார்கள். ஒரு குறிச்சியின் ஒரு முனையில் நுழைந்த சிறுவன், வீதியை மிதியாமலே பத்து வீட்டு முற்றங்களைக் கடந்து மறுமுனையில் வெளிப்படக்கூடியதாக இருந்தது. நில அளவையாளரின் எந்தப் படத்திலும் அப்பாதை குறிக்கப்பட்டதில்லை.

அயலாரின் இந்த உறவுக்குச் சட்டத்திலும் ஓரிடம் இருந்தது. ஒருவர் தம் காணியை விற்க எண்ணினால் உரித்தாளருக்கும் பங்காளருக்கும் முதலில் அறிவிக்க வேண்டும் என்று தேசவழமை விதித்தது. அந்நிலத்தை ஒட்டிய காணிக்காரர் அதனை ஈடாகப் பிடித்திருந்தால் அவருக்கும் அவ்வுரிமை இருந்தது. 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர் அம்முன்வாங்கல் உரிமை பங்காளருக்கும் உரித்தாளருக்கும் மாத்திரமே எஞ்சியது, அயலவர் விடுபட்டார். சட்டம் கைவிட்டதைப் பழக்கம் இன்னும் சிறிது காலம் காத்துவந்தது.

படலைக்கு வெளியே

அயலாருக்குப் பொட்டு இருந்தது. அறிமுகமில்லாத வழிப்போக்கருக்கு என்ன இருந்தது? இதற்கும் நம் முன்னோர் விடை வைத்திருந்தனர்.

வசதியுள்ள வீடுகளின் வாயிலில் சங்கடப்படலை அமைந்திருந்தது. படலைக்கு மேலே ஒரு கூரை. இருபுறமும் அமர்வதற்கு மேடை. மூலையில் ஒரு தண்ணீர்ப் பானை. வெயிலுக்கு ஒதுங்குபவரும் மழைக்கு ஒதுங்குபவரும் வீட்டாரைக் கேளாமலே அங்கு அமரலாம். காணியின் எல்லைக்குள்ளேயே, தனக்குச் சொந்தமான மண்ணில், பிறருக்கென்று விடப்பட்ட இடம் அது.

ஊர்ப் பொதுவிலும் இத்தகைய இடங்கள் பல இருந்தன. தலைச்சுமையை இறக்கிவைக்கச் சுமைதாங்கி. கால்நடைகள் உடலை உராய்ந்து தினவு தீர்க்க ஆவுரஞ்சிக் கல். அவை நீர் அருந்தக் கேணி. யாத்திரிகர் தங்க மடம். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நாட்டும் வழக்கமும் இருந்தது. இறக்கிவைக்க முடியாத சுமையுடன் போனவளுக்காக, ஊரார் சுமையை இறக்க ஒரு கல். துயரத்தை இவ்வாறு பிறருக்குப் பயன்படும் ஓரிடமாக மாற்றியவர்களின் உள்ளத்தை நினைத்துப் பாருங்கள்.

பருத்தித்துறைக்குச் செல்வோர் தும்பளை வீதியில் உள்ள தெருமூடிமடத்தைக் காணாமல் திரும்பக்கூடாது. வீதியின் இருபுறமும் கற்றூண்களும் உயர்ந்த திண்ணைகளும் நிற்க, வீதிக்கு மேலேயே கூரை படர்ந்திருக்கின்றது. மடத்துக்கு ஊடாகவே வீதி செல்கின்றது. நடந்து களைத்தவர் வழியை விட்டு விலக வேண்டியதில்லை. வழியே அவருக்கு வீடாகின்றது.

அடைபட்ட வழிகள்

இவ்வளவையும் சொல்லிப் பெருமைப்பட்டு நிறுத்திவிடுவோமானால், உண்மையில் ஒரு பாதியை மறைத்தவர்களாவோம். அந்தத் திண்ணையில் எல்லாரும் அமர முடியவில்லை. அந்தத் தண்ணீர்ப் பானையில் எல்லாரும் மொண்டு குடிக்க முடியவில்லை. அந்த வேலியை அடைத்துக் கொடுத்த உழைப்பாளர் பலருக்கு, அது அடைபட்ட பின்னர் உள்ளே வரும் வழி இல்லை. முற்றத்தோடு நிற்பவர், கோடிப்புறத்தால் வருபவர், விறாந்தையில் நிலத்தில் இருப்பவர், கதிரையில் இருப்பவர் என்று ஒரு வீட்டின் ஒவ்வோர் அடி நிலமும் சாதியின் பெயரால் அளக்கப்பட்டிருந்தது. எந்த உறுதியிலும் எழுதப்படாத அளவு அதுவும்.

பொட்டைத் தந்த அதே பழக்கந்தான் இந்தத் தடையையும் தந்தது. ஆகவே பழக்கம் என்பதற்காகவே ஒன்று நல்லதாகிவிடுவதில்லை என்பதை, சிறப்பாக மாணவர்கள், மனத்திற் கொள்ள வேண்டும்.

இந்த அளவுகள் தாமாக மாறவில்லை, மாற்றப்பட்டன. 1920களின் இறுதியில், பாடசாலைகளிலே எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வேண்டும் என்ற கோரிக்கை எழுந்து, அரசாங்கத்தின் உத்தரவும் பிறந்தது. அதுவரை ஒடுக்கப்பட்ட குலத்துப் பிள்ளைகள் நிலத்திலே இருந்து படித்தார்கள். ஒரு வாங்கின் உயரம் ஏறத்தாழ ஒன்றரை அடி. அந்த ஒன்றரை அடி உயரத்துக்கு ஒரு பிள்ளை ஏறி அமர்வதைப் பொறுக்கமாட்டாமல் சில பாடசாலைகளுக்குத் தீ வைத்தவர்களும் இருந்தார்கள். ஹண்டி பேரின்பநாயகம் முதலியோர் முன்னின்று நடத்திய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சம ஆசனத்துக்காகவும் சம போசனத்துக்காகவும் குரல் கொடுத்தது.

1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறிற்று. கடை, உணவகம், கிணறு, வழிபாட்டிடம் முதலியவற்றில் சாதி காரணமாக ஒருவரைத் தடுப்பது குற்றமாயிற்று. எனினும் சட்டப் புத்தகத்திலிருந்து தேநீர்க்கடை வாங்குக்கு வந்துசேர மேலும் பத்தாண்டுகள் சென்றன. 1960களின் பிற்பகுதியில் சங்கானையிலும் வேறு ஊர்களிலும் தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்கள் நிகழ்ந்தன. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நிகழ்ந்தது. அடிபட்டவர்கள் பலர், உயிரிழந்தவர்களும் உண்டு. அக்காலத்தை உள்ளே நின்று கண்டவரான கே. டானியல் தம் ‘பஞ்சமர்’ நாவலிலே அவ்வாழ்க்கையைப் பதிந்து வைத்தார். ஒரு கடைக்குள் நுழைந்து, எல்லாரும் இருக்கும் வாங்கில் அமர்ந்து, எல்லாரும் குடிக்கும் கிளாசிலே தேநீர் கேட்பது எத்துணைச் சிறிய செயல்! அந்தச் சிறிய செயலால் ஒரு சமூகத்தின் வரைபடமே திருத்தி எழுதப்பட்டது. இவையெல்லாம் வேலியில் பலர் கூடித் திறந்த பொட்டுகள். அவற்றுட் சில இன்னமும் முழுதாகத் திறபடவில்லை என்பதையும் நேர்மையுள்ளோர் ஒப்புக்கொள்வர்.

வெறும் வெளி அரங்காகும்

ஓரிடத்துக்கு ஒரே பயன் என்பது நம் கிராமங்கள் அறியாத கொள்கை. மாரியில் நெல் விளைந்த வயல், அறுவடை முடிந்ததும் மாட்டுக்கு மேய்ச்சல் தரையாகும். பின்னேரத்தில் இளைஞர்களுக்குப் பந்தடிக்கும் திடலாகும். இரவிலே நான்கு கம்பு நட்டு, பந்தலிட்டு, விளக்கேற்றினால் காத்தவராயன் கூத்துக்கு அரங்காகும். பாயும் சாக்கும் கொண்டுவந்து விரித்த இடமே ஒவ்வொரு குடும்பத்துக்கும் அன்றிரவு வீடு. விடிந்ததும் கம்பைப் பிடுங்கினால் மீண்டும் வயல். கரையோரக் கத்தோலிக்க ஊர்களில் கோயில் முன்றல் அவ்வாறே நாட்டுக்கூத்து மேடையாகின்றது. தைப்பொங்கல் நாளில் வல்வெட்டித்துறைக் கடற்கரையைப் பாருங்கள். பட்டங்களின் போட்டியால் கரை மாத்திரமன்றி வானமும் ஊரின் முற்றமாகிவிடுகின்றது.

நல்லூரிலும் இதையே காண்கிறோம். வருடாந்தப் பெருந்திருவிழா நடைபெறும் 25 நாளும் கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் வாகனங்கள் ஓடுவதில்லை. நேற்றுவரை மோட்டார் வண்டிகள் விரைந்த இடத்தில் இன்று அடியார்கள் அங்கப்பிரதட்சணம் செய்கிறார்கள். தார் அதே தார்தான். ஆனால் காலிலே செருப்போடு அங்கே நிற்க மனம் கூசுகின்றது. மக்கள் கூடி ஓரிடத்தை வேறொன்றாக நினைக்கத் தலைப்பட்டால் அது வேறொன்றாகவே ஆகிவிடுகின்றது.

ஒரு தனிவீடு பொது இடமான வரலாறும் நம்மிடம் உண்டு. 1933ஆம் ஆண்டில் க. மு. செல்லப்பா என்னும் அன்பர், தம் வீட்டிலேயே நூல்களைச் சேர்த்து மற்றையோர் படிக்கக் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அது வாடகை அறை ஒன்றுக்குப் பெயர்ந்தது. வளர்ந்து வளர்ந்து, 1959இல் திறந்துவைக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகமாக ஓங்கிற்று. 1981ஆம் ஆண்டு மே மாத இறுதி இரவிலே அஃது எரியூட்டப்பட்டபோது தமிழ்மக்கள் அழுதது கட்டடத்துக்காக மாத்திரமா? ஒரு மனிதர் தம் வீட்டுக் கதவை ஊருக்குத் திறந்துவிட்டதன் பயன் சாம்பலானதே என்றும் அழுதார்கள். நூலகம் மீண்டும் எழுந்து இன்று இயங்குகின்றது. மாணவர்கள் அதன் படிகளில் ஏறும்போது, அதன் முதற்படி ஒரு வீட்டு வாசலில் இருந்தது என்பதை நினைக்க வேண்டும்.

சேலையே சுவராக

பின்னர் போர் வந்தது. முற்றத்திலே பதுங்கு குழி வெட்டினோம். பூங்கன்று நட்ட மண்ணைச் சாக்கிலே நிரப்பிச் சுவராக அடுக்கினோம். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் மக்கள் இலட்சக்கணக்கில் வீடுவாசலை விட்டுத் தென்மராட்சியை நோக்கியும் வடமராட்சியை நோக்கியும் நடந்தார்கள். பாடசாலை வகுப்பறையும் கோயில் மண்டபமும் மாமரத்து நிழலும் வீடுகளாயின. ஒரு வகுப்பறையிலே பல குடும்பங்கள். ஒரு கயிற்றைக் கட்டி ஒரு பழைய சேலையைத் தொங்கவிட்டால் அது சுவர். அதற்கு இப்பால் ஒரு குடும்பத்தின் மானம், அப்பால் மற்றொரு குடும்பத்தின் மானம். அந்த மெல்லிய துணியைத் தாண்டி எவரும் பார்க்கவில்லை. மறைப்பு என்பது பொருளின் தடிப்பில் இல்லை, மனிதரின் மரியாதையில் உள்ளது என்பதை அந்நாட்கள் நமக்குக் கற்பித்தன. அக்காலத்தில் முன்பின் அறியாதவருக்குத் தம் விறாந்தையையும் குசினியையும் திறந்துவிட்ட வீட்டார் எத்தனையோ பேர். அவர்களுடைய பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் வெளியேறிய மக்களில் ஒரு பகுதியினர் இருபது ஆண்டுகளுக்கு மேல் முகாம்களில் வாழ்ந்தனர். 2009இல் போர் முடிந்த பின்னர் காணிகள் சிறிது சிறிதாக விடுவிக்கப்பட்டன. திரும்பிச் சென்றவர் கண்டது பற்றைக்காடு. வீடு இல்லை, வேலி இல்லை, ஒழுங்கை இருந்த இடமும் தெரியவில்லை. உறுதி கையிலே இருந்தது. ஆனால் உறுதி சொன்ன எல்லைகள் மண்ணிலே இல்லை. பலர் தங்கள் காணியை அடையாளம் கண்டது கிணற்றைக் கொண்டுதான். “இது எங்கட கிணறு, அப்ப அடுப்படி இதிலை, மாமி வீட்டுப் பொட்டு அதிலை” என்று முதியவர்கள் விரலை நீட்டிக் காட்ட, இளையவர்கள் முளையடித்தார்கள். அழிந்த ஊரை மீட்டுத் தந்தது அவர்களின் கால்கள் மறவாத அந்தப் பழைய வழிகளே.

மதிலின் காலம்

இன்று குடாநாடெங்கும் மதில் எழும்புகின்றது. இதற்காக எவரையும் குறைகூறுதல் தகாது. கிடுகு பின்னுவோர் குறைந்துவிட்டனர். பின்னினாலும் விலை அதிகம். அடைக்க ஆள் இல்லை. பிள்ளைகள் கடல் கடந்து போய்விட, தனித்து வாழும் முதியோருக்குக் கள்வர் பயம் உண்டு. ஒருமுறை கட்டினால் தலைமுறைக்கும் நிற்கும் மதில் அவர்களுக்கு நிம்மதி தருகின்றது. அந்த நிம்மதி அவர்களுக்கு வேண்டியதே.

எனினும் இழப்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கிடுகு வேலியூடே காற்று வந்தது. மாரி வெள்ளம் வழிந்தோடிற்று. மதில் வெள்ளத்தை மறிக்கின்றது. சில ஒழுங்கைகள் மழைக்காலத்தில் வாய்க்கால்களாகின்றன. வேலிக்கு அப்பாலிருந்து கேட்ட இருமல் சத்தத்தைக் கொண்டு, “ஆச்சிக்குச் சுகமில்லைப் போலை” என்று ஒருவர் எட்டிப் பார்த்தார். மதிலுக்கு அப்பால் ஒருவர் இரவு முழுவதும் நோயில் கிடந்தாலும் அடுத்த வீட்டுக்கு விடியும்வரை தெரிவதில்லை. கள்வருக்கு அஞ்சிக் கட்டிய மதில், உதவிக்கு வருபவரையும் தடுத்துவிடுகின்றது. ஊரில் இளையோர் குறைந்து முதியோர் தனித்து நிற்கும் இக்காலத்தில் இது சிறிய விஷயமன்று.

பழைய வேலிக்கு எல்லாரும் திரும்புதல் இயலாது. ஆனால் மதில் கட்டுவோர் செய்யத்தக்கன சில உண்டு. அயலவரைக் கலந்து, ஒரு சிறு படலைக்கு இடம் விடலாம். கீழே வெள்ளம் போகத் துவாரம் வைக்கலாம். வெளிப்புறத்தில் வழிப்போக்கர் அமர ஒரு கல்லாசனம் அமைக்கலாம். அதில் அமருபவர் யார் என்று வினவாமல் இருக்கலாம். மாணவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. உங்கள் பேரனாரையோ பேர்த்தியாரையோ பக்கத்திலிருத்தி, அவர்கள் சிறுவயதில் உங்கள் குறிச்சியில் எந்த எந்த வேலியில் பொட்டு இருந்தது, எந்தக் கிணற்றில் யார் யார் அள்ளினர், யார் அள்ள விடப்படவில்லை என்று கேட்டு ஒரு படம் வரையுங்கள். எந்தக் கந்தோரிலும் கிடைக்காத வரைபடமாக அது அமையும்.

தொடக்கத்தில் சொன்ன மதிலின் கதையை முடிக்காமல் விட்டேன். சில வாரங்களின் பின்னர் அவ்வழியே போக நேர்ந்தது. மதில் தெற்கு மூலைவரை கட்டி முடிந்து, வெள்ளையும் அடிக்கப்பட்டிருந்தது. மேசன் நின்ற அந்த இடத்தில் மட்டும் இரண்டடி அகலத்துக்கு ஓர் இடைவெளி. அதிலே பழைய வேலியின் பூவரசங் கதியால் ஒன்று வெட்டப்படாமல் தளிர்விட்டு நின்றது. பக்கத்தில் சிறிய மரப் படலை. பூட்டு இல்லை, இருபுறமிருந்தும் கழற்றத்தக்க ஒரு கொளுக்கி மாத்திரம் இருந்தது.

நான் பார்த்துக்கொண்டு நின்றபோது அந்தப் படலை திறந்தது. ஆச்சி ஒரு கையில் தடியும் மறு கையில் மூடிய கோப்பையுமாக, பழைய பழக்கத்தால் தலையைச் சற்றுக் குனிந்துகொண்டே உள்ளே நுழைந்தார். குனிய வேண்டிய தேவை இப்பொழுது இல்லை என்பது அவருக்கு இன்னும் நினைவில் ஏறவில்லைப் போலும்.